கத்தாத நாய்க்கும் நோகும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் பிரௌனிக்குப் பன்னிரண்டரை வயது. லாப்ரடோர் கலப்பு, ஆண் நாய். போன மாதம் நிறுத்தபோது 34 கிலோ. மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கையில் தூக்கிக்கொண்டு வந்த குட்டி. மகன் இப்போது கனடாவில். நாங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் இல்லை. ஆறேழு மாதமாகக் காலையில் எழும்பக் கஷ்டப்படுகிறான். பின்கால்களை இழுத்துக்கொண்டு நாலைந்து அடி வைத்த பிறகு கொஞ்சம் சரியாகிவிடும். டைல்ஸில் அடிக்கடி வழுக்கி விழுகிறான். குரைக்கிற சத்தமும் தொண்டை அடைத்த மாதிரி மாறிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி ஹோலைச் சுற்றுகிறான், சில நேரம் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். கத்துவதோ அழுவதோ இல்லை, அதனால் நோ இருக்கிற மாதிரித் தெரியவில்லை. மாமி ஒருநாள் பாதிப் பனடோல் கொடுத்தா. வயசு போனால் இப்படித்தான் என்கிறார் கணவர். ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள், பாவம் என்கிறார் மைத்துனர். டிசம்பரில் வருகிறேன், அதுவரை வைத்திருங்கள் என்கிறான் மகன். என்ன செய்வது டொக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பிரௌனிக்கு அதுவே பெரிய பலம். ஆனால் ஒரு வரியை மட்டும் நான் மறுத்தாக வேண்டும். கத்துவதில்லை, அதனால் நோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. முதுமையில் வரும் மூட்டுவாதத்தில் நாய்கள் கிட்டத்தட்ட கத்துவதே இல்லை. வாலை யாராவது மிதித்தால், கதவில் கால் நசுங்கினால் கத்தும். அது திடீரென்று வருகிற நோ. மாதக்கணக்காகக் கூடவே இருக்கிற நோவுக்கு நாய் வேறொன்று செய்யும். முன்பு செய்துகொண்டிருந்ததை ஒவ்வொன்றாக விட்டுவிடும். சோபாவில் ஏறுவதை விடும். மணி அடித்தால் வாசலுக்கு ஓடுவதை விடும். சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்குவதை விட்டு, பெண் நாய் மாதிரிக் குந்தத் தொடங்கும். வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, வயது போய் அமைதியாகிவிட்டான் என்று சந்தோஷப்படுவார். சாப்பாட்டை மட்டும் கடைசிவரை விடாது, முக்கியமாக லாப்ரடோர். நன்றாகச் சாப்பிடுகிறான், அதனால் சுகமாக இருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். பிரௌனி நின்றுகொண்டிருக்கும்போது, முதலில் உங்கள் முகத்தைக் காட்டிவிட்டு, பின்னால் இருந்து இரண்டு தொடைகளையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடியுங்கள். தோள்ப்பக்கம் தடித்து, தொடைகள் மெலிந்து, ஒரு தொடை மற்றதைவிட ஒல்லியாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்தக் காலில் பாரம் வைப்பதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான். முன்னங்கால் மணிக்கட்டை நக்கி நக்கி மயிர் செம்மண் நிறமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நோகிற இடத்தை நக்குவதுண்டு.

சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஐயா தன் அல்சேஷனைக் கூட்டிவந்தார். பதினொரு வயது நாய், பேரப்பிள்ளையைக் கடிக்கப் போயிருக்கிறது. இனி வீட்டில் வைத்திருக்க முடியாது, முடித்துவிடுங்கள் என்று கண்கலங்கச் சொன்னார். பிள்ளை என்ன செய்தது என்று கேட்டேன். இடுப்பில் சாய்ந்து விளையாடியதாம். நான் அந்த இடுப்பில் இரண்டு விரலை வைத்ததும் நாய் தலையைத் திருப்பி என் கையையே பார்த்தது. உறுமவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் நோ மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றேன். மூன்றாம் வாரம் ஐயா வந்து, நாய் காலையில் தானாகக் கதவடிக்கு வந்து நிற்கிறது என்றார். அதற்குப் பிறகு அது ஒன்றரை வருடம் அந்த வீட்டில் இருந்தது. அன்றிலிருந்து, குணம் மாறிவிட்டது என்று யார் வந்தாலும் முதலில் மூட்டைத்தான் பார்க்கிறேன்.

காலையில் விறைப்பாக எழும்பி நாலு அடி நடந்தபின் இளகுவது மூட்டுவாதத்தின் பழைய அடையாளம். எலும்புமுனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது. தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் நோவைக் குறைக்கலாம், தசையைக் காப்பாற்றலாம்.

இருந்தாலும் மூட்டுவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. கொழும்பில் இருக்கிற நாய் என்பதால் முதலாவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா கிருமிகள் இங்கே சாதாரணம். நாட்பட்ட எர்லிகியாவில் காய்ச்சல் தெரியாமலேயே நாய் சோர்ந்து, மூட்டு வீங்கி, விறைப்பாக நடக்கும். இரண்டாம் மாடியில் இருந்தாலும் கீழே புல்லில் போகிற நாய்தானே. ஆகவே இரத்தப் பரிசோதனை கட்டாயம். எப்படியும் நோ மருந்து தொடங்குமுன் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்க வேண்டும், ஒரே ஊசியில் இரண்டு வேலையும் முடியும்.

அடுத்தது நரம்பு. பின்கால் நகங்களைப் பாருங்கள். நடுவிரல் நகங்களின் மேற்பக்கம் தேய்ந்திருந்தால் காலைத் தூக்காமல் இழுக்கிறான். அவன் நிற்கும்போது ஒரு பின்பாதத்தை மெதுவாக மடித்து, பாதத்தின் மேற்புறம் நிலத்தில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே திருப்பி வைக்கும். ஓரிரண்டு வினாடி அப்படியே நின்றால் மூளைக்கும் பாதத்துக்கும் இடையில் எங்கோ செய்தி தாமதமாகிறது. அப்போது முள்ளந்தண்டையும் பார்க்க வேண்டும்.

இனி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் குரல் விஷயம். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். வயதான லாப்ரடோர்களுக்குக் குரல்வளையைத் திறக்கும் நரம்பு மெல்ல மெல்லச் செயலிழப்பதுண்டு. குரைப்பு கரகரக்கும், மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும், சாப்பிடும்போது புரைக்கேறும். அதே நரம்புத் தளர்ச்சி பின்கால்களிலும் தெரியும். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை வெளியே விடும். குரல்வளை திறக்காத நாய் கொழும்பின் புழுக்கத்தில் மத்தியானம் படி ஏறினால் சில நிமிடங்களில் ஆபத்தாகிவிடும். அதனால் வைத்தியரிடம் போகும்வரை கழுத்துப்பட்டியில் கயிறு போடாதீர்கள், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் பாவியுங்கள். வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். நாக்கு நீலமாகிச் சத்தத்தோடு மூச்சிழுத்தால் உடம்பைத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்பட வைத்து, உடனே கொண்டு ஓடுங்கள். கொழும்பில் பார்ப்பவர் மேலதிகப் பரிசோதனை வேண்டும் என்றால் பேராதனையில் மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்.

மாமி கொடுத்த பாதிப் பனடோலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 34 கிலோ நாய்க்கு 250 மில்லிகிராம் ஒருமுறை கொடுத்ததில் கெடுதல் வந்திருக்காது. மாமியைக் குறை சொல்லாதீர்கள், அவனுக்கு நோகிறது என்பது வீட்டில் முதலில் அவவுக்குத்தான் விளங்கியிருக்கிறது. ஆனால் இனி வேண்டாம். அளவு கூடினால் ஈரல் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது, பூனைக்கு அது நஞ்சு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் இரண்டையும் நாய்க்குத் தொடவே வேண்டாம். சில நாள் கொடுத்தாலே வயிற்றில் புண் வந்து, சிறுநீரகம் பழுதாகி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்கு டைக்ளோஃபெனக் ஜெல் பூசும் பழக்கம் மாமிக்கு இருந்தால், பிரௌனி அந்தக் காலை நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பூரம் கலந்த பாம், தைலம் எதையும் அவன் இடுப்பில் தேய்க்க வேண்டாம், நக்கி விழுங்கிவிடுவான்.

நாய்க்கென்று இருக்கிற நோ மருந்துகள் கார்ப்ரோஃபென், மெலொக்சிகம் போன்றவை. மெலொக்சிகம் மனிதருக்கும் பாமசியில் கிடைக்கும், வில்லங்கம் அங்கேதான். மனிதக் குளிசை 7.5 அல்லது 15 மில்லிகிராம். பிரௌனியின் எடைக்குத் தினமும் வேண்டியது கிட்டத்தட்ட 3.4 மில்லிகிராம். அதே மருந்துதானே என்று ஒரு 15 குளிசையைக் கொடுத்தால் நாலு மடங்குக்கு மேலே போய்விடும். வைத்தியர் அளந்து தருவதை, சாப்பாட்டோடு, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். வாந்தி எடுத்தால், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரை அழையுங்கள். தோல் அரிப்புக்கோ வேறெதற்கோ ஸ்டீரொயிட் குளிசை எடுத்துக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக்கூடாது. நோ அதோடு அடங்காவிட்டால் கபபென்டின் சேர்ப்போம். தொடக்கத்தில் கொஞ்சம் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். அதன் மனிதப் பாணிகள் சிலவற்றில் இனிப்புக்குச் சைலிடோல் சேர்க்கிறார்கள், அது நாய்க்கு நஞ்சு, ஆகவே பாமசியில் பாணி வாங்காதீர்கள்.

மருந்து நிரந்தரமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆம், ஆனால் எடை குறைந்தால் மருந்தின் அளவையும் குறைக்கலாம். கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு முட்டி எலும்புகளைத் தடவிப் பாருங்கள், பிறகு விரித்த கையின் புறங்கையைத் தடவுங்கள், கடைசியாக உள்ளங்கையின் மேற்பகுதியை. விலா எலும்பு புறங்கை மாதிரித் தட்டுப்பட்டால் எடை சரி. முட்டி மாதிரி என்றால் மெலிவு. உள்ளங்கை மாதிரி அமுக்கித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. பிரௌனியை நான் பார்க்கவில்லை, ஆனால் ஆறு மாதமாக அசையாத 34 கிலோ லாப்ரடோர் கலப்பு என்றால் உள்ளங்கை என்றுதான் நினைக்கிறேன். உடல் எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறைகிறது. அவனுக்கு அது இரண்டு கிலோ. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களை 14 வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. சோற்றைக் குறைத்து, தோல் நீக்கிய கோழியையும் அவித்த மீனையும் கூட்டுங்கள். வயிறு நிரம்பக் கொஞ்சம் பூசணியோ போஞ்சியோ அவித்துச் சேர்க்கலாம். வெங்காயம் வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணியோடு யாரோ அவனுக்குப் பிஸ்கட் போடுகிறார்கள், எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரைத் தடுக்காதீர்கள், பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு துண்டு கரட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டு நிலம். மருந்துக்கு அடுத்தபடியாக நான் நம்புவது இதைத்தான். பளபளப்பான டைல்ஸில் பின்கால் இரண்டும் விரிந்து வழுக்கும் நாய் ஒவ்வொரு முறையும் இடுப்பில் புதுக் காயம் வாங்குகிறது. இரண்டு மூன்று தடவை விழுந்தபின் நடக்கவே பயப்படும், நடக்காவிட்டால் தசை கரையும், தசை கரைந்தால் இன்னும் விழும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கோப்பைக்கு, அங்கிருந்து வாசலுக்கு, பல்கனிக்கு என்று அவன் போகும் வழியில் மட்டும் அடியில் ரப்பர் பிடிப்பு உள்ள கால்மிதிகளை இடைவெளி விடாமல் போடுங்கள். பழைய யோகா பாயை நீளவாக்கில் வெட்டினாலும் போதும். பார்க்க அழகாக இராது, விருந்தாளிகள் கேட்டால் பிரௌனியின் பாதை என்று சொல்லுங்கள். பாதங்களுக்கு அடியில் விரல்களுக்கிடையே வளரும் மயிரைக் கத்தரித்து, நகத்தையும் குறைத்துவிடுங்கள். நடக்கும்போது நகம் டிக்டிக் என்று கேட்டால் அது நீளம். படுக்க மெல்லிய துணி போதாது, நாலு விரல் தடிப்பான ஃபோம் வேண்டும், சிறுநீர் பட்டால் துடைக்க மேலே ஒரு ரெக்சின் உறை.

இரண்டு மாடிப் படிதான் உங்கள் வீட்டின் பெரிய சிக்கல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறக்குகிறீர்கள் என்று எழுதவில்லை. அதை இரண்டாகக் குறைத்து, காலை ஆறு மணிக்கும் வெயில் தாழ்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சிறுநீர் கழிக்கப் பல்கனியில் ஒரு பெரிய தட்டில் புல்லை வைத்துப் பழக்கலாம். கீழேயிருந்து அவன் வழக்கமாகப் போகும் இடத்துப் புல்லையே பெயர்த்து வந்தால் மணம் பிடித்துக்கொண்டு கெதியாகப் பழகுவான். படி இறங்கும்போது நீளமான குளிக்கும் துவாயை வயிற்றுக்கு அடியில், பின்கால்களுக்கு முன்னால் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாய் என்பதால் ஆண்குறியை அமுக்காதபடி இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். தூக்க வேண்டாம், இடுப்பின் பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும், இல்லாவிட்டால் உங்கள் இடுப்புக்கு வேறு வைத்தியர் தேட வேண்டிவரும். கீழே போனதும் பத்து நிமிடம் அவன் வேகத்துக்கு நடங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரைன் டிரைவ் முழுக்க நடத்திவிட்டு மற்ற நாட்களில் படுக்க விடுவது அவனுக்குக் கெடுதல். நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான், ஆனால் வெள்ளவத்தைக் கடலில் வேண்டாம். பாறையும் அலையும் அவனுக்குத் தாங்காது, குரல்வளையில் சந்தேகம் இருக்கும்போது எந்தத் தண்ணீரிலும் நீந்த விட வேண்டாம்.

குளுக்கோசமைன் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெடுதல் இல்லை, பலனும் பெரிதாக இல்லை, அந்தக் காசுக்குக் கால்மிதி வாங்குங்கள். மீன் எண்ணெய்க்குப் பலன் உண்டு. ஆனால் மீன் ஈரல் எண்ணெய் வேறு சாமான், அதில் வைட்டமின் ஏயும் டியும் அதிகம், நாய்க்குத் தேவையான அளவு கொடுக்கப் போனால் அவை மிஞ்சிவிடும்.

இரவு இரண்டு மணி விஷயத்துக்கு வருகிறேன். முதிய நாய்களுக்கு மூளைத் தளர்ச்சி வருவது உண்மை. கலிபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் அதன் அடையாளம் ஒன்றாவது இருந்தது. இரவும் பகலும் மாறுவது, மூலையில் போய்ச் சிக்கி நிற்பது, தெரிந்தவரை வரவேற்காமல் இருப்பது, பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, காரணமில்லாத பதற்றம் எல்லாம் அதில் அடங்கும். சுவரைப் பார்த்து நிற்பதும் அப்படித்தான். ஆனால் இரவில் சுற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே பக்கம் படுத்து இடுப்பு நொந்தால் எழும்புவான். சிறுநீரகம் தளர்ந்தால் தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீர் முட்டி எழும்புவான். இரத்த அழுத்தம் கூடினாலும் அமைதி இராது. அதனால் முதலில் நோவை அடக்கிவிட்டு இரண்டு மூன்று வாரம் பார்ப்போம். நடுச்சாமத்தில் நடந்த எத்தனையோ நாய்கள் நோ மருந்து தொடங்கியதும் விடியும்வரை தூங்கியிருக்கின்றன. அப்படியும் மாறாவிட்டால் செலெஜிலின் என்ற மருந்து இருக்கிறது, காலையில் கொடுப்பது, பலன் தெரிய ஒரு மாதமளவு ஆகும்.

அதுவரை ஹோலில் ஒரு சின்ன லைட்டை விடிய விடிய எரிய விடுங்கள். கதிரை மேசைகளை இடம் மாற்றாதீர்கள். பகலில் முழுநேரமும் தூங்க விடாமல் ஆறுதலாக ஏதாவது வேலை கொடுங்கள், துவாயைச் சுருட்டி மடிப்புகளுக்குள் சாப்பாட்டை ஒளித்து வைத்தால் மூக்கால் தேடி எடுப்பான். எழும்பி நிற்கும்போது பின்னால் போய்த் தொடாதீர்கள், காது மந்தமாகியிருந்தால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். முன்னால் வந்து, முகத்தைக் காட்டி, பிறகு கையை வையுங்கள். தேங்காயெண்ணெய் மூளைக்கு நல்லது என்று சொல்வார்கள். ஆய்வுகளில் பாவித்தது அதிலிருந்து பிரித்தெடுத்த வேறு கொழுப்பு. கரண்டி கரண்டியாகத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் எடை ஏறும், வயிற்றால் போகும்.

மைத்துனர் சொன்னதற்குப் பதில். அவர் கல் மனசுக்காரர் அல்ல, பாவம் என்றுதான் சொல்கிறார். ஆனால் ஒருநாள்கூட ஒழுங்கான நோ மருந்து கிடைக்காத நாயைப் பற்றி அந்த முடிவை இப்போது எடுக்க முடியாது. ஆறு வாரம் கொடுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு நாளும் இரவு படுக்குமுன் ஓர் அடையாளம் போடுங்கள். தானாக எழும்பினான், சாப்பிட்டான், யாரையாவது கண்டு வாலாட்டினான், தன் அழுக்கிலேயே படுத்துக் கிடக்கவில்லை என்றால் சரி போடுங்கள், இல்லாவிட்டால் புள்ளடி. வீட்டில் எல்லோருமாகப் பேசி ஒரே அடையாளத்தைப் போடுங்கள். ஒரு நல்ல நாளையோ ஒரு கெட்ட நாளையோ வைத்து முடிவெடுக்க வேண்டாம். மருந்தும் பாதையும் துவாயும் எல்லாம் இருந்தும் வாரக்கணக்காகப் புள்ளடிகளே கூடிக்கொண்டு போனால், அப்போது ஊசி பாவம் அல்ல. என்னிடம் வரும் சைவக் குடும்பங்களில் பலர் உயிரை எடுப்பதா என்று தவித்துப்போகிறார்கள். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். மூச்சுக்குத் திணறுகிற, எழும்பவே முடியாத ஒரு ஜீவனின் நோவை நிறுத்துவதும் நாம் அதற்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடமை என்று என் மனசாரச் சொல்வேன். முதலில் மயக்க மருந்து, அவன் தூங்கிய பிறகுதான் அடுத்தது. வீட்டுக்கு வந்து செய்யும் வைத்தியர்களும் கொழும்பில் இருக்கிறார்கள், அவன் படி இறங்க வேண்டியதில்லை.

மகனுக்கு இன்றே உண்மையைச் சொல்லுங்கள். டிசம்பர்வரை வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைச் சுமக்கப்போகிறது பிரௌனியின் இடுப்புத்தான். டிசம்பர்வரை இருப்பான் என்றும் இருக்கமாட்டான் என்றும் அவனைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. நாளைக் காலை அவன் எழும்புவதை ஃபோனில் பிடியுங்கள், பக்கத்திலிருந்து ஒரு நிமிடம், பின்னாலிருந்து ஒரு நிமிடம், மூச்சுச் சத்தமும் கேட்கும்படி. கிளினிக் மேசையில் எந்த நாயும் பயத்தில் நிமிர்ந்துதான் நிற்கும், அதனால் அந்த வீடியோ வைத்தியருக்கு மிகவும் உதவும். அதையே மகனுக்கும் அனுப்புங்கள். பிரௌனி அவன் குரலுக்கு இன்னும் காதைத் திருப்புகிறான் என்றால், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்து, கனடாவிலிருந்து அவனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.